பாதி வணக்கம்

அத்தியாயம் 4

“மாநிறம். நடுத்தர உயரம். சுமாரான உடம்பு.”

மூன்று அடையாளத்தையும் சொல்லிவிட்டு, திருடனைப் பிடித்துக் கையில் கொடுத்துவிட்டவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார், ராஜரத்தினம் பட்டு மாளிகையின் முதலாளி.

“இந்த அடையாளத்தை வெச்சுப் பாண்டி பஜாரையே கைது பண்ணலாம், அண்ணாச்சி,” என்றாள் சண்முகவடிவு.

“இன்னாக்கா, பாண்டி பஜாரோட நிறுத்திட்ட? அண்ணாச்சியும்தான் இதுல வராரு,” என்றாள் பக்கத்தில் நின்ற கமர் ஜஹான். “மாநிறம் சரி. உயரம் சரி. உடம்பு மட்டும் சுமாருக்குக் கொஞ்சம் மேல கீது.”

முதலாளி முறைத்தார். கமர் அவர் பின்னால் இருந்த முருகன் படத்தைப் பார்த்துக்கொண்டு, தான் ஒன்றுமே பேசாதவள் போல நின்றாள்.

துப்பறியும் சண்முகவடிவு, எம்.எஸ்ஸி. கணிதம். கொத்தவால் சாவடியில் மூட்டை தூக்கும் கனகராஜின் மகள். அந்த வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் அவள்தான். ஆழ்வார்பேட்டையில் ஒரு மெஸ்ஸின் மாடியில் போர்டு மாட்டியிருந்தாள். ‘பொம்பளை துப்பறிவாளரா?’ என்று படியேறி வந்து சிரித்தவர்கள் எல்லாரும் இறங்கும்போது சிரிக்கவில்லை. கமர் ஜஹான் அவளுடைய டைப்பிஸ்ட். மீர்சாகிப்பேட்டைக்காரி. ஆபீசில் டைப்ரைட்டர் மட்டும் இன்னும் வாங்கவில்லை. வாங்கும் வரைக்கும் வாயால் அடித்துக்கொண்டிருந்தாள்.

தீபாவளிக்கு இன்னும் இரண்டு நாள். கடைக்குள் கூட்டம் அலை மோதியது. மேஜைமேல் புடவைகளை விரித்துப் போடுகிற ஆட்களுக்கு ஆளுக்கு ஆறு கை இருந்தாலும் போதாது. அத்தனை சத்தத்துக்கும் நடுவே, கல்லாப்பெட்டிக்கு எதிரில், ஒரு கண்ணாடிப் பெட்டி மட்டும் காலியாக இருந்தது. அரக்கு நிறத்தில், கோபுரக் கரை போட்ட பட்டுப்புடவை ஒன்று அதில் இருந்ததாம். இந்தத் தீபாவளிக்குக் கடையின் பெருமையே அதுதானாம். காலையில் கடை திறந்தபோது புடவையைக் காணவில்லை. கூடவே, வாசலில் நின்று “வாங்கம்மா வாங்க!” என்று கூவி ஆள் கூப்பிடும் வெள்ளைத்துரையையும் காணவில்லை.

“ரெண்டும் ரெண்டும் நாலு,” என்றார் முதலாளி. “இதுக்கு எதுக்குத் தாயி எம்.எஸ்ஸி.?”

“ரெண்டும் ரெண்டும் நாலுன்னு உறுதியாச் சொல்றவங்ககிட்டதான் அண்ணாச்சி நான் முதல்ல சந்தேகப்படுவேன்.”

“இந்தப் பிள்ளை அழுதுச்சேன்னுதான் இன்னும் போலீசுக்குப் போன் போடலை. விளக்கு வைக்கிற நேரத்துக்குள்ள புடவை வரணும். விளக்கு ஏத்துவேன், கும்பிடுவேன், போனை எடுப்பேன். அம்புட்டுத்தான்.”

இந்தப் பிள்ளை என்றது பேச்சியம்மாளை. வெள்ளைத்துரையின் தங்கை. மேற்கு மாம்பலத்து ஒற்றை அறையில் அண்ணனும் தங்கையும் மட்டும். அண்ணன் தொண்டை கிழியக் கத்திச் சம்பாதிப்பதில் தங்கை நர்ஸ் படிப்பில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. திருடனின் தங்கைக்கு ஊசி போடக் கற்றுக்கொடுக்க எந்த ஆஸ்பத்திரியும் காத்துக்கொண்டிருக்கவில்லை. அது அவளுக்குத் தெரியும். சண்முகவடிவுக்கும் தெரியும். கட்டணம் பேசாமலேயே இந்தக் கேஸை எடுத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம். கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

“காலைல அண்ணன் என்ன சொல்லிட்டுப் போனான்? சொன்னது சொன்னபடி சொல்லு.”

பேச்சியம்மாளின் குரல் பக்கத்தில் நின்றாலே பாதிதான் கேட்கும். “வெள்ளன எந்திச்சு வந்தான்க்கா. என் காதுக்குள்ள, ‘கூப்பிடு தூரத்துலதான் இருப்பேன், பயப்படாத’ன்னு சொன்னான். போயிட்டான். அப்புறமாப் பாத்தா, அடுக்களையில மிளகையும் பனங்கற்கண்டையும் டப்பாவோட காணோம்.”

“பாத்தியளா!” என்று துள்ளினார் முதலாளி. “வீட்டுலயே களவு! அங்க பழகிட்டுத்தான் கடைக்கு வந்திருக்கான்.”

“மொதல்ல மொளகு, அப்பால பட்டு. கொள்ளைக்காரன் வேகமாத்தான் முன்னுக்கு வரான்,” என்றாள் கமர்.

“நேத்து ராத்திரி கடை சாத்துறப்போகூட அவன்ட்ட நல்லபடியாத்தான் பேசுனேன். ‘புதுப் பொம்மை வந்திருக்கு, அதுக்கு நல்லதா ஒண்ணு கட்டிவிடுல’ன்னேன். மண்டையை மண்டையை ஆட்டினான். அதையும் ஒழுங்காச் செஞ்சு வெச்சுட்டுத்தான் ஓடிருக்கான், களவாணிப் பய. போகட்டும். இனி எனக்குத் தொண்டைக்காரனே தேவையில்ல. போன தீபாவளிக்கு ஒருத்தன் தொண்டை கட்டிக்கிட்டு நின்னான், மறுநாளே கணக்கைத் தீத்து அனுப்பினேன். பொம்மைக்குத் தொண்டை கட்டாது பாருங்க. கடைக்குள்ள நிக்கிற கூட்டம் பூரா பொம்மை இழுத்த கூட்டம்.”

“நீங்க பாத்தீங்களா பொம்மையை?”

“எங்க பாக்க? விடிஞ்சதுல இருந்து கல்லாவை விட்டு எந்திரிக்கலை. பின்வாசல் வழியா வந்து உக்காந்தவன்தான். மோட்டார் வெச்ச பொம்மை தாயி! நாடகக் கம்பெனிக்காரன்ட்ட சொல்லிச் செஞ்சது.”

சண்முகவடிவு வெளியே வந்தாள்.

வாசலில் நின்றது அந்தப் பொம்மை. ஆளுயர மணப்பெண். காகிதக்கூழில் செய்த பெரிய முகம், சிவந்த உதடு, கழுத்து கொள்ளாத மாலை. பின்னால் தாமரைக்குளம் வரைந்த ஒரு திரை. மேற்கு வெயில் நேராக விழுந்ததில், கட்டியிருந்த பட்டு செம்பருத்திப் பூவாகத் தகதகத்தது. சுற்றிலும் குழந்தைகளும் பெரியவர்களும் வாயைப் பிளந்து நின்றார்கள். வைரத்தோடு போட்ட மயிலாப்பூர் மாமி ஒருத்தி படியேறினாள். பொம்மை இரண்டு கையையும் கூப்பி, இடுப்பு மடிய ஒரு வணக்கம் போட்டது. “அடி ஜானு, நன்னா சேவிக்கறதுடி!” என்று மாமி பூரித்துப்போய், மகளையும் இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நூல் புடவையும் தேய்ந்த செருப்புமாக சண்முகவடிவு எதிரில் போய் நின்றாள். பொம்மை லேசாகத் தலையை மட்டும் அசைத்தது.

“எனக்குப் பாதி வணக்கம்தான்க்கா போட்டுச்சு,” என்று புகார் சொன்னாள் கமர். “என் பர்ஸ் எம்மாங் கனம்னு பொம்மைக்கே தெரிஞ்சு போச்சு. இன்னா மானக்கேடு!”

“வேலையைப் பாரு. நமக்குக் கிடைச்சிருக்கிறது ஒரே ஒரு துப்பு. கூப்பிடு தூரம்.”

“அதுவும் ஒரு துப்பா? கூப்பிடு தூரம்னா இம்மாந்தூரமும் இருக்கலாம், அம்மாந்தூரமும் இருக்கலாம். இதுக்கு அண்ணாச்சி சொன்ன மாநிறமே தேவலை.”

சண்முகவடிவின் கண் பளபளத்தது. அவளுக்குக் கோபம் வந்தாலும் கண் பளபளக்கும், கணக்கு வந்தாலும் பளபளக்கும். இப்போது இரண்டும் சேர்ந்து வந்தது.

“பஸ்ஸுல ஏறியிருக்கியா நீ?”

“ஏறிக்கினேதான் கீறேன். உள்ளதான் போனதில்ல.”

“அதேதான்! பேராசிரியர் ராஜகோபாலன்னு ஒருத்தர்கிட்ட ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். கணம்னா, அதான் ‘செட்’, ஒரு பொருள் அதுக்குள்ள இருக்கும், இல்லேன்னா வெளியில இருக்கும், நடுவுல கிடையாதுன்னார். பஸ்ஸுல ஒருத்தன் இருக்கான், இல்லேன்னா இல்லைன்னார். ‘அப்போ ஃபுட்போர்டுல தொங்குறவன், சார்?’னு கேட்டேன்.”

“இன்னா சொன்னாரு?”

“கெட் அவுட்னார். அது மட்டும் ரொம்பத் தெளிவா இருந்துச்சு. முழுக்க வெளியில.”

கமர் கெக்கெக்கென்று சிரித்தாள். சண்முகவடிவு சிரிக்கவில்லை. பேராசிரியர் வீட்டு வரவேற்பறையில் அவளைக் காக்க வைத்த நாற்காலியும், உள்ளேயிருந்து கேட்ட “அவாளுக்கெல்லாம் எதுக்கு ரிசர்ச்” என்ற குரலும் அவளுக்கு இன்னும் செரிக்கவில்லை.

“அமெரிக்காவுல ஒருத்தர் கேட்டிருக்கார், இதே கேள்வியை. லைப்ரரியில தேடிப் படிச்சேன். ஒவ்வொண்ணுக்கும் ஒரு அளவு குடுன்னு சொல்றார். சீட்டுல உக்காந்தவன் பஸ்ஸுல இருக்கிறது ஒண்ணு. கீழ நிக்கிறவன் சைபர். தொங்குறவன் பாதி. ஒத்தை விரலால கம்பியைப் பிடிச்சவன் காலே அரைக்கால். அது மாதிரிதான் கூப்பிடு தூரமும். முழுசாக் கேக்கிற இடம், பாதி கேக்கிற இடம், கேக்காத இடம். எல்லையில கோடு கிடையாது. கொஞ்சங் கொஞ்சமா மங்கும். மங்கலுக்கும் கணக்கு உண்டு.”

“மசமசா கணக்கு!” என்றாள் கமர். “சரி, இப்போ இன்னா செய்யணும்?”

“நீ கத்தணும்.”

மீர்சாகிப்பேட்டை மார்க்கெட்டில் வளர்ந்த தொண்டைக்கு அதைவிட இனிப்பான உத்தரவு கிடைத்ததே இல்லை. வாசல்படியில் ஏறி நின்று, வாயின் இரண்டு பக்கமும் கையை வைத்து, கமர் குரல் எடுத்தாள்.

“வெள்ளைத்துரேய்!”

மின்கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கைகள் ஒருமுறை எழுந்து உட்கார்ந்தன. பொம்மைகூட ஒரு தரம் திடுக்கிட்டது போல இருந்தது. இத்தனை கூட்டத்தில் யாராவது இடித்திருப்பார்கள். சண்முகவடிவு பேச்சியம்மாளைக் கூட்டிக்கொண்டு பனகல் பார்க் பக்கமாக நடந்தாள். பூக்கடை வரைக்கும் குரல் அப்படியே வந்தது. வளையல்காரர்களைத் தாண்டினால் ‘வெள்ளை’ கரைந்துபோய் ‘துரை’ மட்டும் வந்தது. பார்க் கம்பி வேலிக்கருகில் அதுவும் ஒரு கொசுவின் முனகலாகிவிட்டது.

“உங்க அண்ணனுக்கும் இவ அளவு தொண்டை உண்டா?”

“இதுக்கு மேலக்கா. ஊர்ல ஒரு தடவை கத்தினான், அடுத்த ஊர்ல ‘யாரு செத்தது’ன்னு கேட்டு ஆள் வந்துட்டு.”

“அப்போ பாதி கேக்கிற இடம் இதுதான். வளையல் கடையில ஆரம்பிச்சுப் பார்க் வரைக்கும். இந்தச் சுற்றுவட்டாரத்துலதான் இருக்கணும்.”

அதற்குள் அந்தச் சுற்றுவட்டாரமே எழுந்து வர ஆரம்பித்துவிட்டது.

அவள் கணக்கில் விட்டுப்போனது ஒன்றே ஒன்று. தி. நகரில் பாதிக் கடைகளில் வேலை பார்க்கிறவர்கள் தெற்குச் சீமைப் பையன்கள். அவர்களில் பாதிப் பேருக்கு வீட்டில் வைத்த பெயரில் ஒரு துரை உண்டு. பாத்திரக் கடையிலிருந்து செல்லத்துரை வந்தான். பனியன் கடையிலிருந்து ராசதுரை வந்தான். கையில் பாதி மடித்த வேட்டியோடு தங்கதுரை ஓடி வந்தான். எவர்சில்வர் தூக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு, நல்லதுரை என்கிற பெரியவர், “யாரும்மா கூப்பிட்டது? ஊர்ல எல்லாரும் சுகந்தானே?” என்று மூச்சிரைக்க வந்தார்.

கமர் வாசலிலிருந்து ஓடி வந்து, வரிசையாக நின்ற துரைகளைப் பார்த்தாள்.

“அல்லாவே! ஒரு துரைய கூப்ட்டா வெள்ளக்கார கவர்மெண்டே திரும்பி வந்துகீது!”

“எல்லாரும் பாதிப் பொருத்தம்,” என்று பல்லைக் கடித்தாள் சண்முகவடிவு. “பேர்ல பின்பாதி மட்டும்.”

அப்போதுதான் ஐந்தாவது துரை வந்தான். அடுத்த ஜவுளிக்கடை அய்யாதுரை. வெள்ளைத்துரையோடு ஒரே மெஸ்ஸில் சாப்பிடுகிறவன். விஷயத்தைக் கேட்டதும் தலையைச் சொறிந்தான்.

“வெள்ளைத்துரையவா தேடுதிய? அவனுக்கு இப்போ கத்தவே முடியாதேக்கா. நேத்து ராத்திரியே தொண்டை சுத்தமாப் போயிட்டு. காத்துதான் வருது. டீக்கடையில டீயைக்கூடச் சைகையிலதான் கேட்டான். சர்க்கரை வேண்டாம்னு சைகை காட்டினான் பாருங்க, கடைக்காரன் அடிக்க வந்துட்டான். ‘முதலாளிக்குத் தெரிஞ்சா சீட்டைக் கிழிச்சிருவாரு’ன்னு வெறுங்காத்தாலயே அழுதான் பாவம்.”

சண்முகவடிவு நடுத்தெருவில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த சைக்கிள் ரிக்‌ஷாக்காரன், “இன்னாம்மே, ஊட்ல சொல்ட்டு வந்தியா?” என்று அன்போடு விசாரித்துவிட்டு வண்டியை ஒடித்துத் திருப்பிக்கொண்டு போனான்.

காதுக்குள் சொன்னானாம். இரகசியம் என்று நினைத்தாள். இரகசியமாவது மண்ணாவது! குரல் இல்லை, அதனால் காதுக்குள். மிளகும் பனங்கற்கண்டும் தொண்டைக்கு மருந்து. முதலாளி அதைக் களவு என்றார், எம்.எஸ்ஸி. படித்த இவள் அதைக் காதில்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

“கமர், நான் ஒரு முட்டாள்.”

“எம்மாம் அளவுக்கா? பாதியா, முக்காலா?”

“முழுசு. தப்பான தொண்டையை வெச்சு அளந்துட்டேன். அவனால கூப்பிடவே முடியாதுன்னா, கூப்பிடு தூரம் அவன் கூப்பிடுற தூரம் இல்ல. அவனைக் கூப்பிடுற தூரம்! விடிஞ்சா அடைஞ்சா அவனை யார் கூப்பிடுறா?”

பேச்சியம்மாள்தான் பதில் சொன்னாள். “முதலாளிதான்க்கா. கல்லாவுல இருந்தமேனிக்கே ‘ஏலே வெள்ளைத்துரை’ம்பாரு.”

“கல்லாவுல இருந்து அவர் கத்தினா எது வரைக்கும் கேக்கும்?”

“வாசல் வரைக்கும்...”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஓடினார்கள். ஐந்து துரைகளும் எதற்கென்றே தெரியாமல் பின்னால் ஓடினார்கள்.

வெயில் இறங்கிவிட்டது. தெருவிளக்கு இன்னும் எரியவில்லை. பகலா இரவா என்று யாரும் சத்தியம் செய்ய முடியாத அந்த நேரத்தில், கடைவாசலில் கூட்டம் இன்னும் பெருகியிருந்தது. பொம்மை குனிந்துகொண்டேயிருந்தது. சண்முகவடிவு மூச்சு வாங்கிக்கொண்டு அதையே பார்த்தாள். நகை போட்ட ஒரு அம்மாளுக்கு இடுப்பு வரை குனிந்தது. கல்லூரிப் பெண்கள் இரண்டு பேருக்கு முக்கால். சும்மா வேடிக்கை பார்க்க வந்தவனுக்கு ஒரு தலையசைப்பு. குழந்தை ஒன்று மிட்டாய்க் கையால் தொட வந்தது; பொம்மை அரை அடி பின்வாங்கியது.

சற்று முன்பு செம்பருத்தியாக எரிந்த பட்டு, வெயில் போனதும் நிறம் இறங்கி, அடங்கி, அரக்கு மாதிரி...

அரக்கு மாதிரியா?

“கமர்! திரைக்குப் பின்னால போய் மோட்டார் வயரைப் பாரு!” என்று கத்திவிட்டு அவள் கடைக்குள் பாய்ந்தாள்.

முதலாளி முருகன் படத்தின் முன்னால் நின்றிருந்தார். குத்துவிளக்கில் எண்ணெய் நிறைந்திருந்தது. பக்கத்திலேயே டெலிபோன். தீக்குச்சியைக் கிழித்தார்.

ஃபூ!

சண்முகவடிவு ஊதி அணைத்துவிட்டாள்.

“ஏய், என்னம்மா இது, அபசகுனமா!”

“இன்னும் விளக்கு வைக்கிற நேரம் ஆகலை அண்ணாச்சி.”

“ஆயிட்டு! கண்ணு தெரியலையா?”

“தெருவிளக்கு எரியலை. கோயில் மணி அடிக்கலை. பக்கத்துக் கடையில இன்னும் வெளிச்சத்துலதான் கலர் பாக்கிறாங்க. விளக்கு வைக்கிற நேரம் பாதிதான் ஆயிருக்கு. மிச்சப் பாதி என்னுது.”

அவர் அடுத்த குச்சியைக் கிழித்தார். அது எரிவதற்குள் அவருடைய தோளுக்கு மேலே இருந்து இன்னொரு ஃபூ வந்தது. கமர்.

“அக்கா, மோட்டாரு பிளக்கு தரையில சுகமாத் தூங்கிக்கினு கீது. வயரை யாரோ சுருட்டிக் கட்டி வெச்சுக்கீறாங்க!”

“பிளக்கு மாட்டலையா?” என்றார் முதலாளி. “அப்போ பொம்மை எப்படி ஆடுது?”

“வாங்க அண்ணாச்சி. காலைல இருந்து நீங்க பாக்காத பொம்மையைப் பாப்போம்.”

அவர் தீப்பெட்டியும் கையுமாக வாசலுக்கு வந்தார். கூட்டம் வழி விட்டது. சண்முகவடிவு பொம்மைக்கு எதிரில் நின்றுகொண்டு, வகுப்பெடுக்கும் குரலில் பேசினாள். அவளுக்கு யாரும் கொடுக்காத வகுப்பு அது.

“மோட்டாருக்கு ரெண்டே ரெண்டுதான் தெரியும், அண்ணாச்சி. சுத்தும், இல்லேன்னா சுத்தாது. ஒண்ணு, சைபர். மோட்டார் வெச்ச பொம்மை ஜமீன்தாரிணி வந்தாலும் ஒரே குனிவு, ஜப்திக்காரன் வந்தாலும் ஒரே குனிவு. உங்க பொம்மை அப்படியா? பட்டு வாங்குற மாமிக்கு இடுப்பு வரைக்கும். காலேஜ் பொண்ணுக்கு முக்கால். கமருக்குப் பாதி. எனக்கு வெறும் தலையசைப்பு. வர்றவங்க எவ்வளவு வாங்குவாங்கன்னு அளந்து அளந்து போடுது. ‘கொஞ்சம்’னா என்ன, ‘ரொம்ப’ன்னா என்னன்னு இந்த உலகத்துல மனுஷனுக்கு மட்டும்தான் தெரியும்.”

பொம்மை ஆடாமல் அசையாமல் நின்றது. ரொம்பவும் ஆடாமல் நின்றது.

“பேச்சி, அண்ணனைக் கூப்பிடு.”

பேச்சியம்மாள் மிரண்டாள். இத்தனை ஜனம், இத்தனை சத்தம். ரேடியோ ஒரு பக்கம், பட்டாசு ஒரு பக்கம். அவள் வாயைத் திறந்தாள். பக்கத்தில் நின்ற கமருக்கே சரியாகக் கேட்காத ஒரு குரல் வந்தது.

“அண்ணே...”

பொம்மையின் பெரிய காகிதத் தலை சட்டென்று அவள் பக்கம் திரும்பியது.

கூட்டம் ஓவென்று அலறியது. ஒரு கைக்குழந்தை வீறிட்டது. பொம்மை மெதுவாக இரண்டு கையையும் மேலே கொண்டுபோய்த் தன் தலையைத் தானே கழற்றியது. உள்ளே வியர்வையில் குளித்த வெள்ளைத்துரை. ஒரு கன்னம் மட்டும் புடைத்திருந்தது. பனங்கற்கண்டு.

“மாநிறம்,” என்றாள் கமர். “நடுத்தர உயரம். இன்னா அண்ணாச்சி, அடையாளம் சரியாத்தான் சொல்லிக்கீற.”

வெள்ளைத்துரை தங்கையின் காதருகே குனிந்தான். காற்று மட்டும் வந்தது. பேச்சியம்மாள் அதைக் கேட்டு ஊருக்குச் சொன்னாள். அழுகையும் சிரிப்பும் கலந்ததில் அவள் குரல் முதல் தடவையாக நாலு பேருக்குக் கேட்டது. “நேத்து ராத்திரி போட்டுப் பாத்தா மோட்டார் ஓடலையாம். இவனுக்குத் தொண்டையும் இல்லையாம். கத்த முடியாட்டி வேலை போயிரும், என் படிப்பும் போயிரும்னு மோட்டாரைக் கழட்டி வெச்சுட்டுப் பொம்மைக்குள்ள இவனே பூந்துட்டானாம். தொண்டை தெளியிற வரைக்கும் சமாளிச்சிரலாம்னு பாத்தானாம். உள்ள நல்ல புழுக்கமாம்.”

முதலாளி அது எதையும் கேட்கவில்லை. அவர் கண் புடவையில் குத்திட்டு நின்றது. மாலைகளை விலக்கினார். கோபுரக் கரை.

“என் அரக்குப் பட்டு! பாவி, இதையா எடுத்துக் கட்டினே! கடைப் பயலுவ ஒருத்தனும் சொல்லலையே!”

“எல்லாரும் சிவப்புப் பட்டுன்னு பாத்தாங்க. வெயில்ல அது செம்பருத்தி. உங்க டியூப்லைட்டுலதான் அரக்கு,” என்றாள் சண்முகவடிவு. “திருடுனது அவன் இல்ல, அண்ணாச்சி. குடுத்தது நீங்க. ‘பொம்மைக்கு நல்லதா ஒண்ணு கட்டிவிடு’ன்னு உங்க வாயாலதான் சொன்னீங்க. கடையில இருக்கிறதுலயே நல்லதை எடுத்துக் கட்டிட்டான். சொன்ன சொல்லைக் கேட்டதுக்கா போலீஸ்?”

“நல்லதாத்தானம்மா கட்டச் சொன்னேன்! இம்புட்டு நல்லதா கட்டச் சொன்னேனா?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஐந்து துரைகளும் கையைத் தட்டினார்கள். மயிலாப்பூர் மாமி, கையில் இரண்டு பொட்டலத்தோடு வெளியே வந்தவள், “அந்தப் பிள்ளையாண்டானை ஒண்ணும் சொல்லாதேங்கோ. அவன் சேவிச்ச அழகுக்குத்தான் நான் உள்ளயே வந்தேன்,” என்றாள். கூட்டத்தில் அங்கங்கே “நாங்களும்தான்” என்று குரல் எழுந்தது.

முதலாளி கூட்டத்தைப் பார்த்தார். பொட்டலங்களைப் பார்த்தார். வெள்ளைத்துரையைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் முழுசிலிருந்து முக்காலுக்கு இறங்கியது. முக்காலிலிருந்து பாதிக்கு. அதற்குக் கீழே இறங்க அவருடைய மானம் இடம் கொடுக்கவில்லை.

“போன வருஷம் தொண்டை கட்டினவனை நீங்க அனுப்பாம இருந்திருந்தா,” என்றாள் சண்முகவடிவு, சிரிக்காமல், “இவன் இந்தப் புழுக்கத்துல ஒளிஞ்சிருக்கவும் வேண்டாம், நீங்க தீக்குச்சியும் கையுமா நிக்கவும் வேண்டாம். நல்லா யோசிச்சு வைங்க.”

முதலாளி உள்ளே போனார். தீக்குச்சியைக் கிழித்தார். இந்த முறை யாரும் ஊதவில்லை. விளக்கு எரிந்தது. கும்பிட்டார். டெலிபோனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். தெருவிளக்குகளும் அப்போதுதான் ஒவ்வொன்றாக மினுக்கி மினுக்கி எரிந்தன.

திரும்பி வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஏலே, எதுக்கு மசமசன்னு நிக்க? தலையை மாட்டு. ஜனம் நிக்குல்லா? தீபாவளி முடியிற வரைக்கும் நீதான் பொம்மை. தொண்டை வந்தப்புறம் நீதான் தொண்டை. தங்கச்சியை நாளைக்குப் படிக்கப் போகச் சொல்லு.” அப்புறம், யாருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, “ரெண்டு மணி நேரத்துக்கொரு தரம் வெளியில வந்து மோர் குடி,” என்றார்.

“அக்கா, அண்ணாச்சிக்குக்கூட ‘கொஞ்சம்’னா தெரியுது,” என்று கிசுகிசுத்தாள் கமர்.

வெள்ளைத்துரை தங்கையின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, காகிதத் தலையை மாட்டிக்கொண்டான். கூட்டம் ஆரவாரித்தது. முதலாளி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, நேராகப் பொம்மையின் எதிரில் போய், நிமிர்ந்து, காத்து நின்றார். ஊருக்கெல்லாம் கிடைத்தது முதலாளிக்குக் கிடைக்காமலா போகும்?

பொம்மை யோசித்தது. இரண்டு கையையும் கூப்பியது. இடுப்பை வளைத்தது. பாதியில் நின்றுவிட்டது.

“என்னல இது, பாதியில நிக்கு?” என்றார் முதலாளி. “உள்ள மாட்டிக்கிட்டானா?”

காலையிலிருந்து சிரிக்காத சண்முகவடிவு அப்போதுதான் சிரித்தாள். பனகல் பார்க் வரைக்கும் கேட்டிருக்கும்.

“ஒண்ணும் மாட்டிக்கலை அண்ணாச்சி. உங்களுக்கு அளந்துதான் போட்டிருக்கான்.”